மகஜருக்கு முந்திய வேலை: மன்னார்க் கரையோர அமைப்புகளும் பரிந்துரைப் பயிற்சியும்

மன்னார்த் தீவிலும், விடத்தல்தீவு முதல் முள்ளிக்குளம் வரை நீளும் பெருநிலக் கரையிலும் பொதுக்காரியத்துக்காகக் கூடும் அமைப்புகள் வெளியிலிருந்து பார்ப்போருக்கு ஒரே வகையினவாகத் தோன்றினாலும், அவை வெவ்வேறு சட்டங்களின் கீழ்ப் பிறந்தவை. மீனவர் கூட்டுறவுச் சங்கம் கூட்டுறவுத் திணைக்களத்தின் பதிவுக்கும் கணக்காய்வுக்கும் உட்பட்டது. கமக்காரர் அமைப்பு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தைச் சார்ந்தது. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் பிரதேச செயலகத்தின் வழியே இயங்குபவை. சற்றுப் பெரிய தொண்டு நிறுவனங்கள் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெறுபவை. இவை எவற்றிலும் அடங்காத பள்ளிவாசல் நிருவாக சபையும் தேவாலயச் சபையுமே பல ஊர்களில் இறுதிச் சொல்லைத் தமதாகக் கொண்டிருக்கின்றன. ஒரு சங்கம் யாரிடம் கணக்குக் காட்டக் கடமைப்பட்டது என்பதைப் பொறுத்தே அது யாரை எதிர்த்துப் பேசத் துணியும் என்பதும் அமைவதால், பயிற்சிக்குச் செல்வோர் முதலில் அறிய வேண்டியது அச்சங்கத்தின் யாப்பையும் பதிவையுமே.

இவ்வமைப்புகளுக்குப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் மிகுதியாக அளிக்கப்பட்ட பயிற்சிகள் இரண்டு. ஒன்று மூலோபாயத் திட்டமிடல், அதாவது ஓர் அமைப்பு மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளில் எதை அடைய வேண்டும், அதற்காக எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யாது விட வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்வது. மற்றொன்று பரிந்துரைத்தல், அதாவது மக்களைப் பாதிக்கும் சட்டத்தையோ தீர்மானத்தையோ நடைமுறையையோ மாற்றும் அதிகாரம் உடையவரை அணுகி, சான்று காட்டி, வேண்டிய இடத்தில் அழுத்தமும் கொடுத்து, அதை மாற்றச் செய்வது. கொடை வழங்கும் நிறுவனங்கள் இவ்விரண்டையும் வெவ்வேறு செயலமர்வுகளாகவும் வெவ்வேறு செலவுத் தலைப்புகளாகவும் பிரித்து வைத்தமையால், கிராமச் சங்கத்தின் அலுமாரியில் திட்டம் ஒரு கோவையிலும் மகஜர் மற்றொரு கோவையிலும் கிடப்பது வழக்கமாயிற்று. மன்னாரில் நிலத்துக்காகவும் கடலுக்காகவும் நடந்த முயற்சிகளைக் கூர்ந்து நோக்குவோருக்கு இப்பிரிவினை செயற்கையானது என்பது விளங்கும். இங்கு ஒரு சங்கத்தின் திட்டத்தில் பெரும்பகுதி, அதன் வாழ்வைத் தீர்மானிக்கும் அலுவலகம் எது, அது எப்போது தீர்மானிக்கும் என்பதை அறிந்து அதற்கு ஆயத்தமாவதேயாகும்.

இப்பயிற்சிகளின் வரலாறும் அனுமதியின் வரலாறும் இங்கு பிரிக்க முடியாதவை. போர்க்காலத்தில் உள்ளூர் அமைப்புகள் நிவாரண விநியோகத்திலேயே பழகின. விநியோகத்துக்குப் பயனாளிகளின் பட்டியல் போதுமானதாக இருந்தது, வாதம் தேவைப்படவில்லை. 2009 மே மாதத்தில் போர் முடிவடைந்ததும் வடமாகாணத்துக்கென அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியிடம், எந்த நிறுவனம் எந்தக் கிராமத்தில் எதைச் செய்யலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் சென்றது. வீடு, வீதி, கிணறு போன்ற கண்ணுக்குத் தெரியும் வேலைகளுக்கு அனுமதி எளிதாகவும், உளசமூகப் பணிக்கும் உரிமைசார் பயிற்சிக்கும் அரிதாகவும் கிடைத்த அக்காலத்தில், செயலமர்வுகள் தலைமைத்துவப் பயிற்சி, வாழ்வாதாரக் கூட்டம், கணக்குப் பதிவுப் பயிற்சி என வேறு பெயர்களைப் பூண்டுகொண்டன. 2014 ஜூலை 1ஆம் திகதி, அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்த அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம், செய்தியாளர் மாநாடுகளையும் ஊடகவியலாளருக்கான செயலமர்வுகளையும் செய்தி அறிக்கைகளையும் தொண்டு நிறுவனங்கள் நிறுத்த வேண்டும் என்று கடிதம் விடுத்தது. 2015இல் ஆட்சி மாறியபின் கட்டுப்பாடு தளர்ந்து, பயிற்சிகள் பெருகின. இருப்பினும் நெருக்கடியான ஆண்டுகளில் அடக்கமாக நடந்த கணக்குப் பதிவுப் பயிற்சி, பின்னர் பதாகை கட்டி நடந்த உரிமைச் செயலமர்வுகள் பலவற்றைவிடச் சங்கங்களுக்கு உதவியது என்றே சொல்ல வேண்டும். ஏனெனில் வரவு செலவும், தீர்மானங்களைப் பதியும் கூட்டறிக்கையும் ஒழுங்காக உள்ள சங்கத்தை எந்த அதிகாரியும் எளிதில் தட்டிக்கழிக்க இயலாது.

செயலமர்வை நடத்துபவரை இலங்கையின் நிறுவன வட்டாரங்கள் வளவாளர் என்று அழைக்கும். கொழும்பிலிருந்து வரும் வளவாளர் வழக்கமாகத் தூரநோக்கு, பணிக்கூற்று ஆகிய இரண்டிலிருந்து தொடங்குவார். முதலாவது அமைப்பு காண விரும்பும் எதிர்காலத்தையும், இரண்டாவது அதற்கு அது ஆற்றவுள்ள பணியையும் ஓரிரு வாக்கியங்களில் கூறுவன. அரை நாள் முழுதும் இவ்வாக்கியங்களில் கழிந்தபின், எருக்கலம்பிட்டியின் மாதர் சங்கமும் வங்காலையின் மீனவர் சங்கமும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தை எழுதியிருப்பதைக் காணலாம்: தன்னிறைவும் சமத்துவமும் கொண்ட சமுதாயம். அவ்வாக்கியத்தில் குறையொன்றும் இல்லை. ஆயினும் அதை வைத்துக்கொண்டு அடுத்த மாதம் எந்த வேலையைச் செய்வது, எதை விடுவது என்று தெரிவு செய்ய முடியாது. அதைத் தொடர்ந்து வரும் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்னும் நான்கு கட்டப் பயிற்சியும், பலவீனத்தின் கீழ் ‘நிதி இல்லை’ என்றும் அச்சுறுத்தலின் கீழ் ‘இந்திய றோலர்’ என்றும் எழுதி முடிவதே பெரும்பாலான அனுபவம்.

உள்ளூரை அறிந்தவர் நாட்காட்டியிலிருந்து தொடங்குவர். வாடைக்காற்று வீசும் மாதங்களில் தீவின் வடபுறமான பாக்குநீரிணைக் கரை கொந்தளிக்க, தென்புறமான வளைகுடாக் கரை தொழிலுக்கு இசையும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகத்தில் இது தலைகீழாகும். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையின் இழுவைப் படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை நிலவும் காலம், வலை அறுபடும் என்ற அச்சமின்றி வடகரை மீனவர் கடலில் இறங்கும் காலம். அந்நாட்களில் பேசாலையிலோ தலைமன்னாரிலோ செயலமர்வு வைத்தால் கதிரைகளே மிஞ்சும். ஏனைய மாதங்களில் அப்படகுகள் பெரும்பாலும் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் எல்லை தாண்டி வருவதால், உள்ளூர்ப் படகுகள் கரையில் நிற்கும் அவ்விரவுகளை அடுத்துக் கூட்டத்தை வைப்பதும் ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ, ஞாயிறு பூசை, நோன்பு மாதம், ஓகஸ்ட் 15ஆம் திகதிய மடுத் திருவிழா ஆகியவற்றையும் குறித்துவிட்டால், ஆண்டில் எஞ்சும் நாட்கள் எவை என்பது சுவரில் ஒட்டிய தாளில் தானே வெளிப்படும். கொடை நிறுவனத்தின் நிதியாண்டு இவை எவற்றோடும் பொருந்துவதில்லை. அந்த நாட்காட்டியின் மேல் அரசின் நாட்களையும் ஏற்றும்போதுதான் திட்டம் திட்டமாகிறது: பிரதேச சபை வரவு செலவுத் திட்டத்தை எடுக்கும் காலம், பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவும் கூடும் நாட்கள், சங்கத்தின் பதிவு புதுப்பிக்கப்பட வேண்டிய திகதி. அரசியற் பிரதிநிதிகளும் திணைக்களத் தலைவர்களும் ஒருங்கே அமர்ந்து அபிவிருத்தி வேலைகளைப் பரிசீலிக்கும் இடமே ஒருங்கிணைப்புக் குழு. அதன் நிகழ்ச்சி நிரலில் முன்கூட்டியே இடம்பெறாத விடயம், கூட்ட நாளில் வாசலில் கொடுக்கப்படும் மகஜரால் அபூர்வமாகவே உள்ளே செல்லும்.

பரிந்துரைப் பயிற்சியின் மையமான கேள்வி, தீர்வைத் தரும் கையொப்பம் யாருடையது என்பதாகும். இதன் பொருளை 2017ஆம் ஆண்டில் முசலிப் பிரதேச செயலகப் பிரிவில் ஏறக்குறைய ஒரே வாரத்தில் தொடங்கிய இரண்டு நிலப் போராட்டங்கள் எந்தப் பயிற்சிக் கையேட்டையும்விடத் தெளிவாகக் காட்டுகின்றன. முள்ளிக்குளம் கத்தோலிக்கத் தமிழரின் கிராமம். 2007 செப்டெம்பரில் அங்கிருந்த மக்கள் படையினரால் வெளியேற்றப்பட்டனர், பின்னர் அங்கு கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் அமைந்தது. திரும்பிவந்தும் அயலிலுள்ள மலங்காட்டில் கொட்டில்களில் வாழ நேர்ந்த அம்மக்கள் 2017 மார்ச் 23ஆம் திகதி தொடர் போராட்டம் தொடங்கினர். 38ஆம் நாளான ஏப்ரல் 29ஆம் திகதி, 100 ஏக்கரை உடனடியாக விடுவிக்கவும் கடற்படைக் குடும்பங்கள் குடியிருந்த வீடுகளைப் பின்னர் தரவும் கடற்படை இணங்கியது. மறிச்சுக்கட்டியும் அதனை அடுத்த ஊர்களும் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் ஊர்கள்; அவர்கள் புத்தளத்தில் கழித்த இருபது ஆண்டுகளில் காணிகளைக் காடு மூடியது, 2012இல் அப்பகுதிகள் ஒதுக்குக் காடுகளாக அறிவிக்கப்பட்டன, 2017 மார்ச் 24ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மொஸ்கோவில் இருந்தவாறே கையொப்பமிட்ட வர்த்தமானி அறிவித்தல் ஏறக்குறைய ஒரு இலட்சம் ஏக்கர் பரப்பை மாவில்லு பேணற்காடு ஆக்கியது. அம்மாத இறுதியில் மறிச்சுக்கட்டி மக்களும் வீதியோரம் பந்தலிட்டு அமர்ந்தனர்.

வீதியோரப் பந்தல் இரண்டிலும் ஒன்றாகத் தோன்றினாலும், எதிரே இருந்த அதிகாரம் ஒன்றல்ல. கடற்படை கட்டளை வரிசையால் இயங்கும் நிறுவனம். மேலே ஒருவர் இணங்கினால் கீழே வேலை நடக்கும், ஆகவே ஆயர் இல்லமும் அரசியற் பிரதிநிதிகளும் ஊடகமும் கொடுத்த அழுத்தம் அந்த ஒருவரிடம் குவிந்தபோது இணக்கம் பிறந்தது. எனினும் வாய்மொழி இணக்கத்துக்கும் பிரதேச செயலாளரின் காணிப் பதிவேட்டில் ஏறும் கைமாற்றத்துக்கும் இடையில் நீண்ட தூரம் உண்டு. கிராமத்தின் வீடுகள் இருந்த நடுப்பகுதி ஆண்டுகள் கடந்தும் கடற்படையிடமே இருந்தது இதற்குச் சான்று. போராட்டம் வெற்றியில் முடிந்த மறுநாளே, யார் எப்போது எந்தத் தாளில் கையொப்பமிடுவர் என்னும் பட்டியலோடு சங்கம் அமர வேண்டும் என்று பயிற்சிகளில் இன்று வலியுறுத்தப்படுவது இத்தகைய நிகழ்வுகளின் விளைவாகும். மறிச்சுக்கட்டியிலோ தீர்மானம் ஏற்கெனவே வர்த்தமானியில் அச்சாகியிருந்தது. அதை மற்றொரு வர்த்தமானியோ நீதிமன்றமோதான் அசைக்க முடியும், எந்தத் தளபதியின் நல்லெண்ணமும் போதாது. அங்கு தேவைப்பட்டவை 1990க்கு முன் அவ்வூர் இருந்ததைக் காட்டும் தாள்கள்: காணி உத்தரவுப் பத்திரம், பழைய வாக்காளர் இடாப்பு, பாடசாலைப் பதிவேடு, பள்ளிவாசல் கணக்கு. மேலும், இக்காணிப் பிரச்சினையை வில்பத்துக் காடழிப்பு என்று தென்னிலங்கைச் சுற்றாடல் அமைப்புகளும் ஊடகங்களும் கண்டமையால், அரசைவிடக் கடினமான மூன்றாவது தரப்பு ஒன்றையும் அம்மக்கள் நம்பவைக்க வேண்டியிருந்தது; மீள்குடியேற்றத்துக்காகக் காடு அழிக்கப்பட்டதென்று தொடரப்பட்ட வழக்கில், முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீன் தம் செலவில் மீள்வனமாக்க வேண்டும் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு ஊர்களுக்கும் ஒரே செயலமர்வில் ஒரே ‘படிமுறை’யைக் கற்பித்திருந்தால் ஒன்றுக்கேனும் அது பொருந்தியிராது.

இக்கேள்வியைச் சங்கங்கள் எதிர்கொள்ளும் பயிற்சிக்கு அதிகார வரைபடம் என்று பெயர். ஒரு பெரிய தாளின் நடுவில் தீர்மானிப்பவரின் பதவி எழுதப்பட்டு, அவர் யார் சொல்லைக் கேட்பார், அவரை எது தடுக்கிறது, அவர் மேசைக்கு எந்த அறிக்கை செல்கிறது என்பவை சுற்றிலும் எழுதப்படும். இதற்கு நேர்மாறான பழக்கமே கிராமங்களில் வேரூன்றியிருக்கிறது: மகஜர் ஒன்று எழுதப்பட்டு, ஜனாதிபதி, பிரதமர், அமைச்சர், ஆளுநர், அரசாங்க அதிபர், நாடாளுமன்ற உறுப்பினர், ஆயர் எனப் பிரதிகள் போகும், சில வேளை பிரதி பெறுவோரின் பட்டியல் கோரிக்கையைவிட நீண்டுவிடும். எல்லோருக்கும் எழுதப்பட்ட கடிதத்துக்குப் பதில் தர எவருக்கும் கடமை இல்லை.

சான்றைப் பற்றிய பாடத்துக்கு மன்னாரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழு 2011 ஜனவரியில் மன்னாரில் அமர்ந்தபோது ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகையும் அவரது குருக்களும் அளித்த சமர்ப்பணம், வன்னியில் 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டது. அவ்வெண் ஊகம் அன்று. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059 பேர் என்ற கச்சேரிக் கணக்கிலிருந்து, 2009 ஜூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380 பேர் என்ற ஐ.நா. கணக்கைக் கழித்துப் பெறப்பட்டது. அரசின் ஏட்டிலிருந்தே எடுத்த தொடக்க எண்ணை மறுப்பதற்கு அரசு தன் ஏட்டையே மறுக்க வேண்டியிருந்தமையால், அக்கேள்வி பதில் பெறாவிடினும் இன்றுவரை அகலவில்லை. உணர்ச்சியால் நிரம்பிய பக்கங்களைவிட ஒரு கழித்தற் கணக்கு நீடித்து நிற்பதற்கு இதைவிட வலுவான எடுத்துக்காட்டு கிடைப்பதரிது.

அரசின் ஏட்டைக் கேட்டுப் பெறும் வழியை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் சாதாரணச் சங்கத்துக்கும் திறந்தது. 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின்படி தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், காரணம் கூறத் தேவையில்லை, தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். பயிற்சியில் இச்சட்டம் எளிதாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. கடினம் கேள்வியை எழுதுவதில் இருக்கிறது. ‘எங்கள் கிராமத்துக்கு ஏன் நீதி வழங்கவில்லை’ என்பது தகவல் கோரிக்கை ஆகாது. ‘இன்ன பிரிவில் இன்ன ஆண்டு முதல் வழங்கப்பட்ட கரைவலை அனுமதிகளின் பட்டியல்’ என்பதே ஆகும். பின்னையதைக் கேட்கப் பழகிய பெண்களின் சங்கங்கள், கூட்டங்களில் ஆண்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் நிலையிலிருந்து மெல்ல விடுபடுவதையும் காண முடிகிறது. 1990களின் இறுதியில் ஷிரீன் ஸரூர் முதலானோர் தமிழ், முஸ்லிம் பெண்களை ஒன்றுசேர்த்து மன்னார் பெண்கள் அபிவிருத்திக் கூட்டமைப்பை உருவாக்கியபோது தொடங்கிய பாதை அது.

காலக்கெடுவின் கடுமையைக் காற்றாலை விவகாரம் உணர்த்தியது. இலங்கை மின்சார சபை தீவின் தென்கரையில் நிறுவிய, 30 காற்றாலைகள் கொண்ட ‘தம்பபவனி’ 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கியபின், வெள்ளநீர் வடிவதில்லை, கரையோர மீன்பாடு குறைந்தது என்ற முறைப்பாடுகள் எழுந்தன. அடுத்துத் திட்டமிடப்பட்ட அதானி நிறுவனத்தின் காற்றாலைகளுக்கான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை 2024 தொடக்கத்தில் பொதுமக்களின் கருத்துக்கு விடப்பட்டது. ஒரு திட்டம் சூழலையும் மக்களையும் எவ்வாறு பாதிக்கும் என்று முன்கூட்டி ஆராயும் இவ்வறிக்கை மீது கருத்துரைக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் தரும் காலம் 30 நாட்களே. நூற்றுக்கணக்கான பக்கங்களை அக்காலத்துக்குள் வாசித்து, எந்த மாதத்தில் எந்தத் தரவையில் நீர் தேங்கியது என்பதைத் திகதியோடும் படத்தோடும் எதிர்வைக்க, அத்தரவுகள் ஏற்கெனவே சங்கத்தின் கோவையில் இருந்தாக வேண்டும். அறிக்கை வந்தபின் சேகரிக்கத் தொடங்குபவருக்குக் காலம் போதாது. அந்நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியபின்னும் வேறு திட்டங்கள் தொடர்ந்தமையால், அவ்வாண்டு ஓகஸ்டில் மன்னார் நகரில் எழுந்த பெரும் போராட்டத்தை அடுத்து ஜனாதிபதி வேலைகளை ஒரு மாதத்துக்கு இடைநிறுத்தினார். அந்த ஒரு மாதமும் ஒரு காலக்கெடுவே. செப்டெம்பர் இறுதியில் காற்றாலை உதிரிகள் மீண்டும் கொண்டுவரப்பட்டபோது மக்களும் பொலிஸாரும் மோதினர்.

எல்லாவற்றிலும் கடினமான அமர்வு, சங்கம் தன் உறுப்பினரோடு உடன்பட வேண்டிய அமர்வாகும். இந்திய இழுவைமடிக்கு எதிரான கோரிக்கையில் மன்னார் மீனவர் ஒருமித்தவராகத் தோன்றுவர். இரு நாட்டு மீனவர் பிரதிநிதிகள் 2014, 2015ஆம் ஆண்டுகளில் சென்னையிலும் கொழும்பிலும் சந்தித்தபோது, தமிழ்நாட்டுத் தரப்பு இழுவைமடியிலிருந்து படிப்படியாக விலக அவகாசம் கேட்டது, வடபகுதி மீனவர் உடனடி நிறுத்தத்தை வேண்டினர். அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் முன்வைத்த தனிநபர் சட்டமூலம் 2017 ஜூலையில் நிறைவேறி, அவ்வாண்டின் 11ஆம் இலக்கச் சட்டமாகி, இலங்கைக் கடலில் இழுவைமடியை முற்றாகத் தடைசெய்தது. முற்றாக என்ற அச்சொல்லுக்குள் பேசாலையின் உள்ளூர் றோலர்களும் அடங்கும். ஒரே தேவாலயத்துக்குப் பூசைக்கு வரும் உறவினரில் ஒருவர் படுப்புவலைக்காரராகவும் மற்றவர் றோலர் உரிமையாளராகவும் இருக்கும் ஊரில், ‘இழுவைமடியை நிறுத்து’ என்று வெளியே கேட்கும் சங்கம் உள்ளே எதைக் கேட்கிறது என்பதைத் தவிர்த்துவிட்டு எழுதும் எந்தத் திட்டமும் காகிதமாகவே முடியும். இங்கு வளவாளரின் வேலை சமரசம் செய்வதன்று, ஏனெனில் அதற்குரிய மதிப்பு அவருக்கு அவ்வூரில் இல்லை. மாற்றுத் தொழிலுக்கு எவ்வளவு காலம், எந்த வலைக்கு எந்த நாள், மீறினால் என்ன என்ற வினாக்களுக்குச் சங்கம் தரும் விடைகள், முரண்பட்டோர் பெயருடன், கூட்டறிக்கையில் பதியப்படுவதை உறுதிசெய்வதே. சட்டம் வந்த பின்னும் உள்ளூர் இழுவைமடி முற்றாக நின்றுவிடவில்லை. பேச்சுவார்த்தை மேசையில் எதிர்த்தரப்பு முதலில் சுட்டக்கூடியதும் அதுவே.

இத்தகைய பதிவுகளின் பயன் நிதி நின்றபோது வெளிப்பட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியபோது, இலங்கையின் பல சிவில் அமைப்புகளின் செயற்றிட்டங்கள் நடுவழியில் நின்றன. உணவு, மண்டப வாடகை, போக்குவரத்து ஆகியவற்றால் நிரம்பிய திட்டங்களே முதலில் விழுந்தன. தகவல் விண்ணப்பம், கூட்டறிக்கை, வெள்ளப் படங்களின் கோவை போன்ற செலவற்ற வேலைகளை ஆள்பெயர் குறித்துப் பகிர்ந்தளித்திருந்த சங்கங்களால் அவற்றைத் தொடர முடிந்தது. அவ்வேலைகளுள் ஒன்று வர்த்தமானி வாசிப்பு. வாராந்த வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாவதால், கணினி தெரிந்த இளையவர் ஒருவரிடம் அந்நாளில் அதைப் பார்த்து, மாவட்டத்தின் பெயரும் காடு, கரை, கடற்றொழில் ஆகிய சொற்களும் வரும் பக்கங்களை ஒதுக்கித்தரும் பொறுப்பு ஒப்படைக்கப்படலாம். ஆயினும் மாவில்லு போன்ற அறிவித்தல்கள் அதிவிசேட வர்த்தமானியாக எந்த நாளிலும் வரக்கூடியவை. ஆகவே வெள்ளிக்கிழமை மட்டும் பார்ப்பது போதாது.